பட்டறைக் கேள்வி-பதில்: பெட்ரோல் ஹோஸ் எந்த வழியாகப் போக வேண்டும்?

மண்பாதையிலும் மலையிலும் வண்டி ஓட்டுகிறவர்கள் பெட்ரோல் லைன் பற்றி அனுப்பிய கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். சூட்டிலோ என்ஜினை ஓடவிட்டோ செய்யச் சொல்லும் சோதனைகளைத் தவிர, எதைத் தொடுவதற்கு முன்பும் என்ஜின் நன்றாக ஆறட்டும். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டு, காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யுங்கள். பக்கத்தில் ஒரு கிலோ பவுடர் தீயணைப்பான் இருக்கட்டும்.

ஹீரோ இம்பல்ஸ் வைத்திருக்கிறேன். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவையும் சிரமமில்லாமல் ஏறிவிடுகிறது. மேலே டீக்கடையில் பத்து நிமிடம் நிறுத்திவிட்டுக் கிளம்பினால் அரை கிலோமீட்டர்கூட ஓடாமல் மூச்சுத் திணறி நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் ஆறவிட்டால் சரியாகிறது. கார்ப்புரேட்டர் சர்வீஸ் செய்தாயிற்று, பிளக்கும் புதுசு. பெட்ரோல் டேப் மாற்றியபோது மெக்கானிக் கொஞ்சம் நீளமான ஹோஸ் போட்டார், அது என்ஜின் ஹெட் பக்கமாக வளைந்து வருகிறது. அதுதான் காரணமா?
(நாமக்கல் வாசகர்)

பெரும்பாலும் அதுதான். ஆனால் கத்தியை எடுக்கும் முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். இதே மாதிரி நிற்க வைக்கிற இன்னொரு காரணமும் உண்டு: டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைபடுவது. வண்டி நின்ற அதே இடத்தில் டேங்க் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்து, உடனே வண்டி கிளம்பினால் குற்றவாளி மூடிதான். சத்தமே இல்லையென்றால், கார்ப்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் உள்ள டிரெய்ன் ஸ்க்ரூவைத் தளர்த்தி, வடிவதைச் சின்ன டப்பாவில் பிடியுங்கள். கொஞ்சம் வடிந்து நின்று, பிறகு சொட்டு மட்டும் வந்தால் ஹோஸில் ஆவி அடைத்திருக்கிறது. சூடான என்ஜினுக்குப் பக்கத்தில் பெட்ரோல் வடிக்கிறீர்கள், பெண்ட் பைப் (என்ஜினிலிருந்து சைலன்சருக்குப் போகும் வளைந்த குழாய்) மேல் ஒரு துளி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏறும்போது வராத தொல்லை நின்ற பிறகு ஏன் வருகிறது? ஓடும் வரை ஹெட் மேல் காற்று வீசுகிறது, ஹோஸ் வழியாகப் புது பெட்ரோலும் ஓடிக்கொண்டே இருக்கிறது. நிறுத்தியதும் இரண்டும் நின்றுவிடும். ஹெட்டின் சூடு மேலே எழும்பி டேங்குக்கு அடியில் தேங்கும். பெட்ரோலில் உள்ள லேசான பகுதிகள் 35, 40 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். ஹோஸுக்குள் குமிழி கட்டும். கிளம்பியதும் கிண்ணத்தில் மிச்சமிருந்த பெட்ரோலில் வண்டி ஓடும், அது தீர்ந்ததும் நிற்கும்.

ஹோஸ் முழுக்கச் சரிவாக இருந்தால் இந்தக் குமிழி தானாக மேலேறி டேங்குக்கே போய்விடும். உங்கள் ஹோஸ் நீளமானது என்கிறீர்கள். நீளம் அதிகமென்றால் அது எங்காவது ஒரு முதுகு தூக்கி நிற்கும். அந்த முதுகில்தான் குமிழி உட்கார்ந்துகொள்கிறது. கார்ப்புரேட்டர் வண்டியில் பம்ப் கிடையாது. அரை அடி உயர பெட்ரோலின் எடை அந்தக் குமிழியைத் தள்ளப் போதாது.

புது வழி போடும் விதம்: டேப்பை மூடி, ஹோஸை இரண்டு முனையிலும் கழற்றுங்கள். டேப் முனையிலிருந்து கார்ப்புரேட்டர் முனை வரை ஒரு கட்டுக்கம்பியை வளைத்து வைத்துப் பாருங்கள். ஹெட்டின் பின்பக்கமாக, ஃப்ரேமின் உட்பக்கத்தை ஒட்டி, எந்த இடத்திலும் மேலே ஏறாமல் இறங்கிக்கொண்டே வர வேண்டும். ஹெட்டுக்கும் பெண்ட் பைப்புக்கும் 50 மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும். கம்பியின் நீளத்தோடு 15 மில்லிமீட்டர் மட்டும் கூட்டி ஹோஸை வெட்டுங்கள். டேங்க் ரப்பர் புஷ் மேல் உட்கார்ந்து கொஞ்சம் ஆடும், அதற்குத்தான் அந்த 15. வெட்டப் புது பிளேடு வேண்டும். கட்டிங் பிளையரில் வெட்டினால் முனை நசுங்கி, உள்ளே ரப்பர் துணுக்கு தொங்கும். அது பிய்ந்து நேராக கார்ப்புரேட்டரின் ஜெட்டுக்குப் (பெட்ரோல் ஏறும் சின்னத் துளை) போய்ச் சேரும்.

உள்விட்டத்தை ஊகிக்க வேண்டாம். பழைய துண்டைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். ஒரு மில்லிமீட்டர் பெரிதாக வாங்கிக் கிளிப்பை முறுக்கிச் சரிசெய்யலாம் என்று நினைத்தால் ரப்பர் மடிந்து, மடிப்பு வழியாகக் கசியும். 6 மில்லிமீட்டர் ஹோஸென்றால் வளைவின் ஆரம் 50 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. வளைத்த இடத்தைப் பக்கவாட்டில் பாருங்கள். உருண்டை தட்டையாகத் தெரிந்தால் அந்த வளைவு செல்லாது. வேறு வழியே இல்லையென்றால் பித்தளை எல்போ போடலாம். ஆனால் ஒவ்வொரு எல்போவும் கசியக்கூடிய இரண்டு ஜாயின்டைக் கூட்டுகிறது.

கடைசியாக ஓட்ட அளவு. கார்ப்புரேட்டர் முனையை மட்டும் கழற்றி, ஆயில் அளக்கும் குவளைக்குள் விட்டு, டேங்கில் கால்வாசி பெட்ரோல் இருக்கும்போது டேப்பை 30 விநாடி திறங்கள். 200 சிசி வரையுள்ள வண்டி முழு ஆக்சிலேட்டரில் நிமிடத்துக்குச் சுமார் 100 மில்லி குடிக்கும். குவளையில் 30 விநாடிக்கு 125 மில்லிக்குக் குறைவாக விழுந்தால் டேப்பின் சல்லடையையும் மூடியின் துளையையும் பாருங்கள். (வேக்யூம் டேப், அதாவது என்ஜின் உறிஞ்சினால் மட்டும் திறக்கும் டேப், வைத்த வண்டிகளில் சின்ன ஹோஸை வாயால் லேசாக இழுத்துப் பிடித்தால்தான் பெட்ரோல் விழும்.)

ஹோஸைச் சூட்டிலிருந்து காக்க அலுமினிய டேப், லூம் பைப் (ஒயர்களுக்கு மேல் போடும் பிளவுள்ள பிளாஸ்டிக் குழாய்), சைக்கிள் டியூப் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எது நல்லது?
(வால்பாறை வாசகர்)

கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போடலாம். எதிலிருந்து காக்க வேண்டும்? சூடா, உராய்வா, கல்லடியா? மூன்றுக்கும் ஒரே உறை கிடையாது. எந்த உறையாக இருந்தாலும் தப்பான வழியில் போகும் ஹோஸ் மேல் போட்டால் தப்பை மறைக்கத்தான் உதவும்.

சூட்டுக்கு: சிலிக்கான் பூசிய கண்ணாடியிழை உறை. கடையில் ஃபயர் ஸ்லீவ் என்று கேளுங்கள், 260 டிகிரி வரை தொடர்ந்து தாங்கும். ஹோஸின் வெளிவிட்டத்தைவிட 2, 3 மில்லிமீட்டர் பெரிதாக வாங்குங்கள். உறைக்கும் ஹோஸுக்கும் இடையில் இருக்கும் காற்றும் தடுப்புதான். அலுமினிய டேப்பை ஹோஸ் மேல் நேராக ஒட்டுவதால் பெரிய பயனில்லை, உலோகத்தில் ஏறும் சூடு உள்ளே போய்விடும். அதைவிட 1 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டை வெட்டி, பெண்ட் பைப்புக்கும் ஹோஸுக்கும் நடுவில், இரண்டு பக்கமும் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு நிறுத்துங்கள். 20 ரூபாய்த் தகடு விலையுயர்ந்த உறையை ஜெயிக்கும்.

உராய்வுக்கு: லூம் பைப் அல்லது ஸ்பைரல் ராப், உரசும் இடத்தில் மட்டும். முழு நீளத்துக்கும் லூம் பைப் போட்டால் அதன் பிளவில் மணல் புகுந்து, ஓடும்போது உப்புத்தாள் மாதிரி ஹோஸைத் தேய்க்கும். சேற்றில் ஓட்டினால் மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவ வேண்டியிருக்கும்.

சைக்கிள் டியூப் வேண்டவே வேண்டாம். பெட்ரோல் பட்டால் உப்பி, பிசுபிசுத்துவிடும். அதைவிட மோசம், கசிவை உள்ளேயே தேக்கி வைத்துக்கொள்ளும். எந்த உறையானாலும் இரண்டு முனையிலும் கிளிப் வெளியே தெரியும்படி 20 மில்லிமீட்டர் விட்டுவிடுங்கள். கசிவு தெரிய வேண்டிய இடம் அது.

கல்லடிக்கு உறை எதுவும் உதவாது. ஃப்ரேமின் உட்பக்கம்தான் கவசம்.

ஹோஸைப் பிடித்து நிறுத்த ரப்பர் வைத்த பி-கிளிப் போட்டு, ஃப்ரேமில் ஏற்கெனவே உள்ள 6 மில்லிமீட்டர் போல்ட்டில் மாட்டுங்கள். 150 முதல் 200 மில்லிமீட்டருக்கு ஒன்று போதும். கேபிள் டை போடுவதானால் கறுப்பு நிறம், அதையும் கையால் இழுக்கும் அளவுக்கு மட்டும். பிளையரால் இழுத்த டை முதல் நாள் ஒன்றும் செய்யாது. சூட்டில் ரப்பர் இளகியதும் ஹோஸின் இடுப்பைப் பிடித்து நெரிக்கும். டையை ஹோஸைச் சுற்றி எட்டு வடிவில் போட்டு, நடுப்பின்னல் ஹோஸுக்கும் ஃப்ரேமுக்கும் இடையில் வரும்படி வைத்தால் இரண்டும் உரசாது.

ஹிமாலயன் 411, இன்ஜெக்ஷன் மாடல். ஒரு விழுதலில் டேங்க் அடியிலிருந்து வரும் ஹோஸ் கிழிந்தது. பக்கத்து ஊர்க் கடையில் சாதாரண பெட்ரோல் ஹோஸ் போட்டு, ஸ்க்ரூ கிளிப் மாட்டிக் கொடுத்தார்கள். இரண்டு மாதமாக ஓடுகிறது, ஆனால் காலையில் ஷெட்டைத் திறந்தால் பெட்ரோல் வாசனை. ஹோஸ் மேல் ஈரம் இல்லை. பயப்பட வேண்டுமா?
(தேனி வாசகர்)

வேண்டும். இந்தக் கடிதத்தைப் படித்ததும் வண்டியை ஓரமாக நிறுத்தி வையுங்கள்.

கார்ப்புரேட்டர் வண்டியில் ஹோஸுக்குள் அழுத்தம் ஏறக்குறைய இல்லை. இன்ஜெக்ஷன் வண்டியில் டேங்குக்குள் இருக்கும் பம்ப் பெட்ரோலைச் சுமார் 3 பார் அழுத்தத்தில் தள்ளுகிறது, அதாவது 43 பிஎஸ்ஐ. டயரில் அடிக்கும் காற்றைவிட அதிகம். பெருவிரல் அளவு ஓட்டை வேண்டாம், ஊசி முனை அளவு போதும். சொட்டாது, பன்னீர் தெளிப்பது மாதிரி சூடான ஹெட் மேல் புகையாக அடிக்கும்.

ஹோஸின் மேல் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். எஸ்ஏஇ ஜே30 ஆர்7 என்று இருந்தால் அது கார்ப்புரேட்டர் வகை, 50 பிஎஸ்ஐக்கு மேல் தாங்கும்படி செய்யப்படவில்லை. உங்கள் பம்ப் தருவது அந்த எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. சூடு, அதிர்வு, வளைவு எல்லாம் சேர்ந்தால் கையிருப்பு ஒன்றும் மிஞ்சாது. வாங்க வேண்டியது ஆர்9. அது 100 பிஎஸ்ஐக்கானது, உள்சுவர் ஃப்ளூரோ ரப்பர். அச்சே இல்லாத ஹோஸைக் கடைக்காரர் எவ்வளவு புகழ்ந்தாலும் விட்டுவிடுங்கள். டேங்குக்கு உள்ளே, பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கும் துண்டுக்கு இதுவும் ஆகாது. அங்கே ஆர்10 மட்டும்தான். ஆர்9 ஹோஸின் வெளித்தோல் பெட்ரோலில் ஊறி உரிந்து, பம்ப் சல்லடையை அடைக்கும்.

ஈரம் இல்லாமல் வாசனை வருவதற்குக் காரணம், ரப்பர் வழியாகவே பெட்ரோல் ஆவியாக ஊடுருவுவது. சாதாரண நைட்ரைல் ரப்பரில் இது அதிகம். இப்போது நம் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. எத்தனால் சேர்ந்த பெட்ரோலில் மலிவான ரப்பர் உப்பி, காய்ந்து, மறுபடி உப்பும். விரலால் கிள்ளிப் பாருங்கள். புது ஹோஸ் பந்து மாதிரி திரும்பி வரும். ஊறிப்போனது கிள்ளிய பள்ளத்தோடு கொஞ்ச நேரம் நிற்கும். நுனியில் வெடிப்பு தெரிந்தால் சொல்லவே வேண்டாம்.

கிளிப்பும் தப்பு. பட்டையில் வரிவரியாகத் துளை உள்ள ஸ்க்ரூ கிளிப் அந்தத் துளைகளால் ரப்பரைக் கடித்துத் துருவும். இன்ஜெக்ஷன் கிளிப் என்று தனியாக விற்கிறார்கள். துளையில்லாத பட்டை, விளிம்பு வெளியே மடிந்திருக்கும், போல்ட்-நட் வைத்து இறுகும். 9 மில்லிமீட்டர் அகலம் போதும்.

மாற்றும் முறை:

சீட்டைக் கழற்றி, பெட்ரோல் பம்பின் ஃப்யூஸையோ கனெக்டரையோ எடுங்கள். என்ஜினை ஸ்டார்ட் செய்து, தானாக அணையும் வரை ஓடவிடுங்கள். பிறகு செல்ஃபை மூன்று விநாடி அழுத்துங்கள். லைனில் இருந்த அழுத்தம் இறங்கியிருக்கும், இருந்தாலும் முழுக்க நம்பாதீர்கள். பேட்டரியைக் கழற்றி, ஜாயின்டைச் சுற்றித் துணியை வைத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு கழற்றுங்கள். ஒரு மூடி பெட்ரோலாவது வரும்.

கழற்றியதும் முனையைக் கவனியுங்கள். வரிப்பல் மாதிரி வளையங்கள் இருந்தால் அது ஹோஸ் தள்ளி மாட்டும் முனை. வழவழப்பாக, நடுவில் ஒரே ஒரு விளிம்பு மட்டும் இருந்தால் அது சொருகினால் க்ளிக்கென்று பூட்டும் கனெக்டருக்கானது. அதன் மேல் ரப்பர் ஹோஸைத் தள்ளிக் கிளிப் போடுவது காட்டிலிருந்து வீடு சேரும் வைத்தியம், அவ்வளவுதான். அந்த வகைக்கு ஷோரூமில் இரண்டு முனையும் பொருத்திய முழு லைனாக வாங்கிவிடுங்கள். பூட்டும் கனெக்டரின் ஓ-ரிங்குக்கு ஒரு சொட்டு என்ஜின் ஆயில் தடவிச் சொருகி, பின்னால் இழுத்துப் பாருங்கள். வரக் கூடாது.

வரிப்பல் முனையென்றால்: கிளிப்பை முதலில் ஹோஸில் கோத்துவிடுங்கள், மறந்துவிட்டு மறுபடி கழற்றுவது எல்லோருக்கும் நடப்பது. ஹோஸை முனையின் அடி வரை தள்ளுங்கள். கிளிப் கடைசி வளையத்துக்குப் பின்னால், ஹோஸ் நுனியிலிருந்து 3 மில்லிமீட்டர் உள்ளே உட்கார வேண்டும். பட்டையின் ஓரத்தில் ரப்பர் லேசாகப் புடைக்கத் தொடங்கியதும் நிறுத்துங்கள். சிலிக்கான் பேஸ்ட், டெஃப்லான் டேப், எம்-சீல் எதுவும் அங்கே வேண்டாம். பெட்ரோலில் இளகி இன்ஜெக்டர் பக்கம் போகும்.

ஃப்யூஸைப் போட்டு, சாவியை ஆன் செய்யுங்கள், ஸ்டார்ட் வேண்டாம். பம்ப் இரண்டு மூன்று விநாடி ரீங்கரித்து நிற்கும். இப்படி நான்கு முறை. ஒவ்வொரு ஜாயின்டையும் வெள்ளை டிஷ்யூ பேப்பரால் ஒற்றிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத ஈரம் அதில் தெரியும். பிறகுதான் ஸ்டார்ட். நன்றாகச் சூடேறி ஆறிய பிறகு கிளிப்புகளை இன்னொரு முறை கால் சுற்று பாருங்கள். புது ரப்பர் முதல் சூட்டில் கொஞ்சம் அமுங்கும்.

எக்ஸ்பல்ஸ் 200. ஏர் ஃபில்டர் வேலைக்காக டேங்கைக் கழற்றி மாட்டினேன். இப்போது மேட்டில் இழுக்கவில்லை, சமதரையில் ஒன்றும் தெரியவில்லை.
(ஊட்டி வாசகர்)

டேங்கை மறுபடி தூக்குங்கள். டேங்குக்கும் ஃப்ரேமுக்கும் நடுவில் ஹோஸோ, மூடியிலிருந்து வரும் மெல்லிய காற்று ஹோஸோ நசுங்கியிருக்கும். மாட்டும்போது ஒருவர் டேங்கைப் பிடிக்க, இன்னொருவர் டார்ச் அடித்து ஹோஸைக் கையால் வழிநடத்தினால் இது நடக்காது. போல்ட் போட்ட பிறகு ஹேண்டில்பாரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பிப் பாருங்கள். ஒயர்க்கூட்டமோ ஆக்சிலேட்டர் கேபிளோ ஹோஸை இழுக்கக் கூடாது. இந்த வண்டியின் முன் சஸ்பென்ஷன் 190 மில்லிமீட்டர் இறங்கும். பெல்ட் போட்டு முன்பக்கத்தை முழுக்க அமுக்கிக் கட்டிவிட்டும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். நின்ற வண்டியில் தெரியாத உரசல் அப்போதுதான் தெரியும்.

பெட்ரோலில் தூசி வருகிறது. 30 ரூபாய் பிளாஸ்டிக் ஃபில்டரை இன்ஜெக்ஷன் வண்டியில் நடுவில் போடலாமா?
(புதுக்கோட்டை வாசகர்)

கூடாது. அது கார்ப்புரேட்டர் வண்டிக்கானது. 3 பார் அழுத்தத்தில் அதன் ஒட்டு பிளந்துவிடும். தூசி வருகிறதென்றால் டேங்கைக் காலி செய்து கழுவி, பம்பின் அடிச் சல்லடையைப் பார்ப்பதுதான் வழி. கார்ப்புரேட்டர் வண்டிக்குக்கூடக் காகித ஃபில்டரைவிட உலோகச் சல்லடை வைத்தது நல்லது. காகிதம் தண்ணீர் பட்டால் ஊறி, ஓட்டத்தை அடைத்துவிடும்.

ஆற்றைக் கடக்கும்போது தண்ணீர் முழங்காலுக்குத்தான் இருந்தது, ஏர் ஃபில்டர் நனையவே இல்லை. ஆனாலும் என்ஜின் அணைந்துவிட்டது. கரையேறியதும் ஸ்டார்ட் ஆனது. பழைய கார்ப்புரேட்டர் ஹிமாலயன்.
(கோயம்புத்தூர் வாசகர்)

கார்ப்புரேட்டரிலிருந்து கீழே தொங்கும் மெல்லிய ஹோஸ்களைப் பாருங்கள். அவற்றில் சில கிண்ணம் மூச்சுவிடும் குழாய்கள். நுனிகள் தண்ணீரில் மூழ்கினால் கிண்ணத்துக்குள் வெளிக்காற்றின் அழுத்தம் வராது, ஜெட் வழியாக பெட்ரோல் ஏறாது, என்ஜின் அணையும். வெளிநாட்டு மண்பாதை ஓட்டுநர்கள் சுசூகி டிஆர்650, டிஆர்-இசட்400 வண்டிகளில் வெகுகாலமாகச் செய்யும் வேலை இதற்குப் பொருந்தும்.

மூச்சுக் குழாயை கார்ப்புரேட்டரிலிருந்து 40 மில்லிமீட்டர் தள்ளி வெட்டி, நடுவில் டி-ஜாயின்ட் சொருகுங்கள். ஒரு கால் பழையபடி கீழே தொங்கட்டும். இன்னொரு காலில் புது ஹோஸ் மாட்டி, ஃப்ரேம் வழியாக மேலே ஏற்றி, சீட்டுக்கு அடியில் திறந்த நுனியாக விடுங்கள். கீழே மூழ்கினாலும் மேலே மூச்சு வரும். கீழ்க்காலைச் சிலர் அடைத்துவிடுகிறார்கள், அது தவறு. கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை நிறுத்தும் மிதவை ஊசி சிக்கினால் வழியும் பெட்ரோல் இறங்க வேண்டிய வழி அதுதான். மேல் நுனியைக் காற்று வீசும் இடத்தில் வைத்தாலும் தொல்லை. கிண்ணத்தின் அழுத்தம் வேகத்துக்கேற்ப மாறி, கலவை கெடும். தூசி புகாமலிருக்க நுனியில் ஒரு சின்ன ஸ்பாஞ்ச் துண்டு போதும்.

கிண்ணத்தின் அடியில் ஸ்க்ரூவோடு இருக்கும் குழாய் வேறு. அது டிரெய்ன், அதைத் தொட வேண்டாம். பிஎஸ்6 இன்ஜெக்ஷன் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலையே தேவையில்லை. ஆனால் அவர்கள் டேங்கின் ஆவியைப் பிடிக்கும் கரி டப்பாவைக் கழற்றி எறியாமல், பங்க்கில் மூடி விளிம்பு வரை தளும்பத் தளும்ப அடிக்காமல் இருந்தால் போதும். திரவ பெட்ரோல் போனால் கரி கெட்டுவிடும்.

நீண்ட பயணத்துக்கு டூல் கிட்டில் பெட்ரோல் லைனுக்காக என்ன வைத்துக்கொள்வது?
(மதுரை வாசகர்)

உங்கள் வண்டி அளவில் ஆர்9 ஹோஸ் 300 மில்லிமீட்டர், இன்ஜெக்ஷன் கிளிப் நான்கு, அதே உள்விட்டத்தில் இரண்டு பக்கமும் வரிப்பல் உள்ள பித்தளை இணைப்பான் ஒன்று, கனெக்டர் ஓ-ரிங் இரண்டு, புது பிளேடு ஒன்று, 8 மில்லிமீட்டர் ஸ்பேனர். கார்ப்புரேட்டர் வண்டிக்கும் ஆர்9 தாராளமாகப் போகும். இன்ஜெக்ஷன் வண்டியில் ஆர்7 போடுவதுதான் ஆபத்து. ஹோஸ் நடுவில் கிழிந்தால் கிழிந்த இடத்தை இரண்டு பக்கமும் 10 மில்லிமீட்டர் தள்ளி வெட்டி எடுத்துவிட்டு, பித்தளை இணைப்பானைச் சொருகி இரண்டு கிளிப் போட்டால் ஊர் சேரலாம். எல்லாவற்றையும் ஒரு ஜிப் பையில் போட்டு சீட்டுக்கு அடியில் வையுங்கள், பேட்டரி முனைகள் மேல் ஸ்பேனர் உட்காராதபடி.